தீ புடிச்சா யார் காசு?

ராயப்பேட்டையில் ஃபிளாட் வாங்கியவர்கள் தீயணைப்புச் செலவைத் தங்கள் பங்குக்கு ஏற்பப் பிரித்துக்கொள்கிறார்கள். சொத்து அவர்களுடையது, விலை ஏறும். சரி. அதே பேட்டையில் வாரிய வீட்டில் இருக்கிற நம்ம சனத்துக்கு?

குடிசை எரியுதுன்னு சொல்லித்தான் மாடி கட்டினார்கள். 1970இல் குடிசைமாற்று வாரியம் வந்தது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. இப்போது ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்கிறார்கள். சங்கம் வைத்து மாதாமாதம் வசூலிக்கணும். அரசும் அதே அளவு போடும். வீட்டு வேலைக்கும் துப்புரவுக்கும் போற பொம்பளைங்க காசுலதான் படிக்கட்டு விளக்கு எரியணும், மோட்டார் ஓடணும். இதுல தீயணைப்பானுக்கு மிச்சம் ஏது? நான் கேட்கிறேன்: வரைபடம் போட்டது நாமா? ஒயர் இழுத்தது நாமா?

லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017இல் 72 பேர் செத்தார்கள். ஆபத்து என்று குடியிருந்தவர்கள் முன்பே கத்தினார்கள், கேட்க நாதியில்லை. சுவரில் ஒட்டியிருந்தது மலிவுத் தகடு. உயரமான கட்டடங்களில் அந்தத் தகட்டை மாற்றும் செலவை வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் தலையில் கட்டக்கூடாது என்று அங்கே 2022இல் சட்டம் வந்தது.

கூட்டிப் பெருக்குறது நம்ம பொறுப்பு, செய்வோம். உயிர் காக்கும் செலவு கட்டியவன் செலவு. தோழர்களே, சங்கக் கூட்டத்தில் இதையே முதல் தீர்மானமாப் போடுங்க.