கொல்லைப்புறத்து மருந்து

அம்மாக்கள் வளர்க்கும் மூலிகைத் தோட்டத்துக்குப் பெரிய இடம் வேண்டாம். கிணற்றடி ஈரமும் நாலு தொட்டியும் போதும். துளசி, கற்பூரவல்லி, தூதுவளை, ஆடாதோடை, வேலியோரம் ஒரு நொச்சி. இவற்றில் முதலில் கை போவது கற்பூரவல்லிக்குத்தான். ரோமம் படர்ந்த தடித்த இலையை அனலில் காட்டினால் துவண்டுவிடும். கசக்கிப் பிழிந்தால் சாறு இறங்கும். அதில் சில சொட்டுத் தேன் கலந்து பிள்ளையின் சளிக்குக் கொடுப்பார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. தூதுவளையை முள் நீக்கித் துவையல் அரைக்க வேண்டும். நொச்சி ஆவி பிடிக்க. ஆடாதோடையைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குவது அறியாமை. அதிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை அடியொற்றியே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவானது. அதேசமயம், மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை மட்டும் நம்பி நாளைக் கடத்துவது ஆபத்து. கல்லீரல் அழற்சி முதல் பித்தப்பைக் கல் வரை காமாலைக்குக் காரணங்கள் பல. பரிசோதனை செய்யாமல் எதுவென்று தெரியாது. சாதாரணச் சளி இருமலுக்குத் தோட்டம் போதும். மூச்சுத் திணறலுக்கும் விடாத காய்ச்சலுக்கும் மஞ்சளித்த கண்ணுக்கும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.