தனித் தட்டு வேண்டாம்!

திண்டுக்கல் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களாக அவருக்கு ஓயாத அசதி. அரம் பிடித்த கை சீக்கிரமே சோர்ந்துவிடுகிறது. இரத்தத்தைச் சோதித்த டாக்டர், "ஹெபடைடிஸ் சி" என்கிறார். அன்று இரவே வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்! மடியில் ஏற வந்த குழந்தையை, "போகாதே!" என்று பாட்டி அதட்டுகிறாள்.

வியாதி தரும் வேதனையைவிட, இந்தத் தட்டு தரும் வேதனை பெரிது அல்லவா?

இது ஒரு கிருமியால் கல்லீரலுக்கு வரும் நோய். பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருக்கும். கவனியாமல் விட்டால் கல்லீரல் சுருங்கலாம், புற்றுநோயும் வரலாம். ஆனால் இந்தக் கிருமி இரத்தத்தின் வழியாகவே பரவுகிறது. சோற்றில் பரவாது. தண்ணீரில் பரவாது. தொட்டாலும் தழுவினாலும் பரவாது. பிரித்து வைக்க வேண்டியவை சவரக் கத்தி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவையே. ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடக் கூடாது. திருவிழாவில் பச்சை குத்தும் ஊசிக்கும் இதே விதிதான்.

முன்பெல்லாம் இதற்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். காய்ச்சல், உடல் வலி, முடி உதிர்வு, மனச்சோர்வு என்று நோயாளி பட்ட பாடு கொஞ்சமல்ல. தாங்க முடியாமல் பாதியில் நிறுத்தியவர்களும் உண்டு.

இன்று நிலைமை மாறிவிட்டது. பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை போதும். முறையாகச் சாப்பிட்டால் 100 பேரில் 95 பேருக்குக் குறையாமல் குணமாகிறது. சிலருக்குத் தலைவலி, குமட்டல், அசதி வரலாம். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு 24 வாரமும் ஆகலாம். 2018 ஜூலை 28-ந் தேதி மத்திய அரசாங்கம் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

12 வாரம் என்பது 84 நாள். இந்த 84 நாளில் குடும்பம் செய்ய வேண்டியது என்ன?

ஒரு நாள்கூட மாத்திரை தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "உடம்பு தேறிவிட்டது" என்று நடுவில் நிறுத்த விடாதீர்கள். மது கூடவே கூடாது. கீழாநெல்லி இந்தக் கிருமியைக் கொல்லாது. நாட்டு மருந்தோ வேறு மாத்திரையோ சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அவர் சொன்னாலன்றிப் பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். அசதி வந்தால் சற்றுப் படுக்கட்டும். தெம்பு இருந்தால் பட்டறைக்குப் போகட்டும். சோம்பேறி என்று ஏசாதீர்கள். முகம் வாடியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

மருந்து முடிந்து 12 வாரம் கழித்து மறுபடியும் இரத்தச் சோதனை செய்ய வேண்டும். அதில் கிருமி இல்லை என்றால்தான் குணம் உறுதி. குணமானபின் அஜாக்கிரதையாக இருந்தால் மீண்டும் தொற்றலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாத்திரையை அரசாங்கம் தரும். மனத்தெம்பை வீட்டார்தான் தர வேண்டும்.

ஊருக்கெல்லாம் பூட்டுச் செய்து கொடுத்த கை அது. அந்தக் கைக்கு நம் மனத்தைப் பூட்டிவிடலாமா? தனித் தட்டை எடுத்து வையுங்கள். குழந்தை அப்பா மடியில் ஏறட்டும்!