முத்து இருந்த இடத்துக்கே கப்பல் வந்தது

ஜேம்ஸ்டவுனை ஆங்கிலேயர் உருவாக்கியதைப் போலத் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் உருவாக்கினார்கள் என்ற வாதம், இரண்டு கரைகளின் வரலாற்றையும் தவறாகப் படிக்கிறது. 1607இல் ஆங்கிலேயர் இறங்கி ஜேம்ஸ்டவுனை அமைத்த வர்ஜீனியா ஆளற்ற காடல்ல, பௌஹாட்டன் மக்களின் நாடு. அவர்களுடைய மக்காச்சோளம் இல்லாமல் அந்தக் குடியேற்றம் தொடக்க ஆண்டுகளைத் தாண்டியிருக்காது. 1620இல் பிளிமத் குடியேற்றம் எழுந்ததும், கொள்ளைநோயில் மக்களை இழந்த பட்டுக்ஸெட் என்ற ஊரின் மண்ணில்தான். தூத்துக்குடி அமைந்த முத்துக்குளித்துறையோ அதைவிடத் தெளிவான சான்று. கொற்கை முத்தைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதே கரையின் காயலைச் செழித்த துறைமுகமாக வருணித்தார். செல்வம் முன்பே இருந்தது. அதைத் தேடித்தான் கப்பல்கள் வந்தன.

முத்துக்குளிக்கும் பரதவரைப் போர்த்துக்கீசியர் காக்கவில்லையா என்று கேட்கலாம். காத்தார்கள். ஆனால் 1530களில் கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரிடம் தூது அனுப்பி அந்த உறவைத் தேடியவர்கள் பரதவர்களே. அந்தப் பாதுகாப்புக்கு முத்து வருவாயிலிருந்து விலையும் கொடுத்தார்கள். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றிய பிறகும் பரதவர்கள் தாங்கள் ஏற்றிருந்த கத்தோலிக்கத்தைக் கைவிடவில்லை. தங்கள் சாதித்தலைவரின் கீழ் ஒன்றுபட்டே நின்றார்கள். கிடங்குகளையும் கோட்டைகளையும் ஐரோப்பியர் கட்டியது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் நிலம் வேண்டியிருந்ததால் மண்ணின் மக்களைத் துரத்தினார்கள். இங்கே மூச்சடக்கி மூழ்குபவர்களின் திறன் வேண்டியிருந்ததால் அவர்களைச் சார்ந்தே வாழ்ந்தார்கள். சார்ந்து வாழ்ந்தவர்களை நிறுவனர்கள் என்று எழுதுவது, உழைத்தவர்களை வரலாற்றிலிருந்து அழிப்பதாகும். அதை ஏற்க முடியாது.