சூதுக்கு அடுத்தது மருந்து!

திருக்குறளைத் திறந்து பாருங்கள், நண்பர்களே! தொண்ணூற்று நான்காம் அதிகாரம் சூது. அதனை அடுத்து வரும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து. வள்ளுவப் பெருந்தகை எண்ணிய மருந்து வேறு. உணவின் அளவறிந்து உடலைக் காக்கும் நெறியை அவர் அங்கே உரைத்தார். ஆயினும் இன்றைய குதிரைத் திடல்களை நோக்குவோர்க்கு அந்த வரிசை புதியதொரு பொருளைத் தருகிறது. சூது நடக்கும் இடத்தில், அதற்கு அடுத்தபடியாக, மருந்து வந்து நிற்கிறது. நோயைத் தீர்க்க வந்த மருந்தன்று அது. நோயை மறைக்க வந்த மருந்து!

நீலமலைக்கு இந்தக் கதை புதிதன்று. உதகையில் 1886 முதற்கொண்டு குதிரைப் பந்தயம் நடந்தது. சித்திரை பிறந்துவிட்டால் சீசன் பிறந்துவிடும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் உயர்சாதிக் குதிரைகள் மலைப்பாதை ஏறி வந்து சேரும். நீலகிரி டெர்பி என்று பெயர் சூட்டிப் பெருமையோடு நடத்துவர். குன்னூர்ச் சரிவில் நாளெல்லாம் குனிந்து கொழுந்து பறிக்கும் தாய்க்குக் கூலி எண்ணித் தரப்பட்ட அதே மலையில், இரண்டே நிமிட ஓட்டத்தில் இலட்சங்கள் கைமாறின. ஊர் நடுவே 52 ஏக்கர் அரசு நிலம். அதற்கான குத்தகை 1978ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது. பாக்கி 822 கோடி ரூபாய் என்று அரசு கணக்கிட்டது. 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள், வருவாய்த்துறையினர் திடலைக் கையகப்படுத்தி முத்திரையிட்டனர்.

திடல் பூட்டப்பட்டது. கேள்வி பூட்டப்படவில்லை. பெங்களூரிலும் மைசூரிலும், ஐதராபாத்திலும் மும்பையிலும், புனேயிலும் கொல்கத்தாவிலும் பந்தயங்களை நடத்தும் மன்றங்கள் இருக்கின்றன. தடை தாண்டும் போட்டிகளும் குதிரையேற்றக் காட்சிகளும் நாடெங்கும் நடக்கின்றன. ஆகவே கேட்கிறோம்: வாய் பேசாத பிராணிக்கு மருந்தூட்டி வெற்றியைத் திருடினால், யாருக்குத் தண்டனை? எவ்வளவு தண்டனை? அந்தத் தண்டனையை விதிப்பவர் யார்?

முதலில் மருந்தின் வகை அறிவோம். கால் நொண்டும் குதிரைக்கு வலி தெரியாமற் செய்வது ஒருவகை, பினைல்பியூட்டசோன் அத்தகையது. காலையே மரத்துப்போகச் செய்வது இன்னொரு வகை; புரோக்கேன் அத்தகையது. மிரளும் குதிரையை அடக்கி, அழகு நடை நடக்கவைக்க மனநோய் மருந்துகளைச் செலுத்துவதும் உண்டு. இவை எல்லாவற்றையும் விடக் கொடியது ஒன்று உண்டு. மிளகாயின் காரச்சத்தாகிய கேப்சாய்சினைக் காலில் தடவுவார்கள். எரியும் கால், தடைக்கம்பத்தில் சற்றே பட்டாலும் துடிக்கும். அந்தத் துடிப்புக்கு அஞ்சிக் குதிரை உயரத் தாவும். 2008 ஒலிம்பிக்கின்போது இந்தப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டு, நார்வே நாட்டுக் குழு தன் வெண்கலப் பதக்கத்தை இழந்தது. பார்வையாளர் கைதட்டிய அந்தத் தாவலைக் குதிரையின் வீரம் என்பதா, வேதனை என்பதா?

ஆனால் எல்லா மருந்தும் மோசடியாகுமோ? ஆகாது. இங்கேதான் நீதிமான்கள் நின்று நிதானிக்க வேண்டும். புரோக்கேன் பெனிசிலின் என்பது புண்பட்ட குதிரைக்கு வைத்தியர் போடும் சாதாரண ஊசி. அதன் எச்சம் பல நாள் சிறுநீரில் தங்கும். கடும் ஓட்டத்தில் சில குதிரைகளுக்கு நுரையீரலில் இரத்தம் கசியும். அதற்கென ஃபியூரோசெமைடு என்ற மருந்து உண்டு. பந்தய நாளிலேயே அதனை ஏற்ற அமெரிக்கா பல்லாண்டுக் காலம் இசைந்தது, பிரிட்டன் இசையவில்லை. ஒரு கரையில் வைத்தியம், மறுகரையில் குற்றம்! ஆகவே, சிறுநீரில் ஒரு துளி தென்பட்டவுடன் 'கள்வன்' என்று கூவுவது நீதியாகாது. தென்பட்டதே இல்லை என்று மூடி மறைப்பதும் நீதியாகாது.

கூவியவர்களின் கதையைச் சற்றே கேளுங்கள். இங்கிலாந்தின் ஜாக்கி கிளப் 1903இல் குதிரைக்கு மருந்தூட்டுவதைக் குற்றமாக்கியது. பிறகு, குதிரையின் உடலில் மருந்து இருந்தால் பயிற்சியாளரே பொறுப்பு என்று வைத்தது. 1930இல் கெம்ப்டன் பார்க்கில் ஓடிய டான் பாட் என்னும் குதிரையிடம் மருந்து காணப்பட்டது. அதன் பயிற்சியாளர் சார்லஸ் சாப்மன் பந்தய உலகிலிருந்தே விலக்கப்பட்டார். மருந்தூட்டியவர் அவர்தாமா? அப்படி மேற்பார்வையாளர்கள் முடிவு செய்யவில்லை. குதிரையைக் காக்கத் தவறினார் என்பதே அவர்கள் கருத்து. ஆனால் ஏட்டில் வெளியிட்ட அறிவிப்போ, படித்தவர் அனைவரும் அவரே ஊட்டினார் என்று எண்ணும்படி அமைந்தது. மானம் போயிற்றென்று அவர் வழக்காடினார். ஜூரிகள் 16,000 பவுன் இழப்பீடு தரச் சொன்னார்கள். 1932இல் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, ஜாக்கி கிளப்புக்கு எதிரான அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டது.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்தக் குதிரை வாழ்நாள் முழுதும் பந்தயத்திலிருந்து தள்ளிவைக்கப்பட்டது. குதிரை செய்த குற்றம் என்ன? ஊட்டியதை உண்டது! 1961இல் நார்போக் பிரபு தலைமையில் அமைந்த குழு அறிக்கை தந்த பிறகுதான், எடுத்த எடுப்பில் பயிற்சியாளரை வெளியேற்றும் வழக்கம் அங்கே தளர்ந்தது. ஒரு தவறான நெறியைத் திருத்தப் பிரபுக்களின் நாட்டுக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2021இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் மெடினா ஸ்பிரிட் முதலாவதாக வந்தது. முதற்பரிசு 18 இலட்சத்து 60 ஆயிரம் டாலர். சோதனையில் பீட்டாமெத்தசோன் என்ற மருந்து தென்பட்டது. தோல் நோய்க்குத் தடவிய களிம்பிலிருந்து வந்தது என்று பயிற்சியாளர் பாப் பாஃபர்ட் தரப்பு வாதிட்டது. 2022 பிப்ரவரியில் வெற்றி பறிக்கப்பட்டது. பயிற்சியாளருக்கு மேற்பார்வையாளர்கள் விதித்தது 90 நாள் விலக்கமும் 7,500 டாலர் அபராதமும். பரிசையும் அபராதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! தீர்ப்பு வந்தபோது குதிரை உயிரோடு இல்லை; 2021 டிசம்பரிலேயே பயிற்சி ஓட்டத்தின்போது விழுந்து மடிந்தது. இரண்டாவதாக வந்த குதிரை வென்றதாகப் பின்னர் அறிவிக்கப்பட்டது. அதன்மீது பணம் கட்டிய எளியவனுக்கு ஒரு காசும் திரும்பவில்லை.

ஆக, ஓரிடத்தில் அளவுக்கு மீறிய தண்டனை. மற்றோரிடத்தில் அளவுக்குக் குறைந்த தண்டனை. நடுவழி இல்லையா? உண்டு. 2004 ஏதென்சு ஒலிம்பிக்கில் அயர்லாந்தின் சியான் ஓ'கானர் தங்கம் வென்றார். அவருடைய குதிரையிடம் மனநோய் மருந்தின் எச்சம் காணப்பட்டது. அவர் வேண்டுமென்றே வெற்றிக்காகச் செய்யவில்லை என்பதைச் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் தங்கம் பறிக்கப்பட்டது. மனிதருக்கு மூன்று மாத விலக்கம் மட்டுமே. இதிலே ஒரு நெறி ஒளிர்கிறது. மருந்தோடு பெற்ற வெற்றி வெற்றியாகாது; அதைப் பறிப்பதற்கு எவருடைய உள்ளத்தையும் ஆராயத் தேவையில்லை. ஆனால் மனிதனைத் தண்டிக்க வேண்டுமானால், அவன் உள்ளத்தையும் செயலையும் ஆராய்ந்தே தீர வேண்டும்.

அந்தச் சம்மேளனம் 2010இல் மருந்துகளை இரண்டு பட்டியல்களாகப் பிரித்தது. குதிரைக்கு எக்காலத்தும் ஆகாதவை ஒன்றில். வைத்தியத்துக்கு உதவினும் போட்டியின்போது உடலில் இருக்கக் கூடாதவை மற்றொன்றில். முன்னதற்கு இரண்டாண்டு விலக்கம், பின்னதற்கு ஆறு மாதம் என்று பொதுவான அளவும் வகுத்தது. செலுத்தியவரே முதற்பொறுப்பாளி, உடைமையாளரும் வைத்தியரும் லாயத்து ஊழியரும் உடந்தையாயின் அவர்களும் பொறுப்பாளிகள். குறை இல்லாத ஏற்பாடென்று சொல்லவில்லை. ஆனால் அளவு என்ற ஒன்று இருக்கிறது அன்றோ!

நம் நாட்டுக்கு வருவோம். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் எழுப்பிய குரலின் விளைவாக, 1960இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பிராணிக்குத் தீங்கு தரும் மருந்தை வேண்டுமென்றே, காரணமின்றிச் செலுத்துவது அதன் 11ஆம் பிரிவின்படி குற்றம். நல்லது. தண்டனை? முதல் குற்றத்துக்கு அபராதம், பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல்! மூன்றாண்டுக்குள் மறுபடியும் செய்தால் இருபத்தைந்திலிருந்து நூறு ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கோடி ரூபாய்க் குதிரைக்கு ஊசி போட்டவனுக்கு ஐம்பது ரூபாய் அபராதம்! உதகை ஏரிக்கரையில் பயணிகளைச் சுமந்து பிழைக்கும் மட்டக்குதிரைக்காரனுக்கும் அதே ஐம்பது! இதற்குச் சமநீதி என்று பெயர் வைப்போர் இருக்கலாம். நாம் அதைச் சட்டத்தின் உறக்கம் என்கிறோம்.

சட்டம் உறங்கியதால், தீர்ப்பு வழங்கும் உரிமை பந்தய மன்றங்களின் மூடிய அறைக்குள் சென்றது. நடத்துவோரும் அவர்களே, விசாரிப்போரும் அவர்களே. 2017இல் பெங்களூரில் ஓடிய குயீன் லத்தீபா என்ற குதிரையின் மாதிரியில் புரோக்கேன் இருந்ததாக எழுந்த விவகாரம் காவல்துறை வரை சென்றதே, ஏன்? அறைக்குள் வழங்கப்படும் நீதியில் வெளியே நிற்போர்க்கு நம்பிக்கை இல்லை என்பதனாலன்றோ!

'எங்கள் மன்றம், எங்கள் விதி, உங்களுக்கென்ன?' என்று சீமான்கள் கேட்கலாம். நமக்கு உரிமை உண்டு. 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. பந்தயக்காரர்கள் வழக்காடினார்கள். குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டமன்று, திறமையின் ஆட்டம் என்று 1996இல் உச்சநீதிமன்றம் கூறியது. குதிரையின் பிறப்பு, வளர்ப்பு, பயிற்சி, செலுத்துவோன் வல்லமை ஆகியவற்றை எண்ணிப் பார்த்தே அந்தத் தீர்ப்பு. திறமை என்ற ஒரு சொல்லே அவர்களுக்குக் கேடயம். ஊசி குத்தப்பட்ட நாளில் அந்தக் கேடயம் எங்கே? ஊசியின் முனையில் இருப்பது எவருடைய திறமை? திறமையென்று சொல்லித் தப்பியவர்கள், திறமையைக் கெடுப்பவனை ஊரறியத் தண்டிக்கக் கடமைப்பட்டவர்கள். அதுமட்டுமா? கிண்டியில் 160 ஏக்கர் நிலத்தை ஆண்டுக்கு 614 ரூபாய் 13 காசு வாடகையில் அனுபவித்தவர்கள், 'தனியார் மன்றம்' என்று சொல்லிக் கதவடைக்க முடியாது.

ஆகவே நாம் வேண்டுவது நான்கு. மருந்து கண்டால் வெற்றியும் பரிசும் உடனே போகட்டும். அதில் தயவு வேண்டாம். மனிதர்க்கான தண்டனை குற்றத்தின் தன்மைக்கும் அவரவர் அதிகாரத்துக்கும் ஏற்ப அமையட்டும். ஆணையிட்ட முதலாளி மாளிகையில் இருக்க, வாளி தூக்கிய லாயக்காரன் வேலை இழக்கும் அநீதி வேண்டாம். அபராதம் பரிசுத் தொகையின் பங்காகக் கணக்கிடப்படட்டும். இரண்டாம் மாதிரியை வேறொரு கூடத்தில் சோதிக்கும் உரிமையும், மன்றத்துக்கு வெளியே மேல்முறையீடும், காரணங்கள் அச்சில் வெளிவரும் தீர்ப்பும் இருக்கட்டும். குதிரையைத் தள்ளிவைப்பது அதன் உடல் தேறுவதற்காக மட்டும் இருக்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் முதற்படி, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த ஐம்பது ரூபாயை மாற்றுவது. அது நாடாளுமன்றத்தின் வேலை. நம் தொகுதியின் உறுப்பினர் அடுத்த முறை மலையேறி வாக்குக் கேட்க வரும்போது, சாலையோரம் நிற்கும் மட்டக்குதிரையைச் சுட்டிக்காட்டி அவரைக் கேளுங்கள்: 'ஐயா, இதன் வலிக்கு உங்கள் சட்டம் வைத்திருக்கும் விலை என்ன?' குதிரைக்கு வாயில்லை, நண்பர்களே. வாக்குள்ளவர்கள் கேட்டால்தான் உண்டு!