எந்தக் கிளையையும் தவறு என்று எழுதிவிடாதீர்கள்

சர்வதேச வூஷு கூட்டமைப்பின் தலைவர் அவர்களுக்கு,

பாரம்பரிய குங்ஃபூ அசைவு வரிசைகளை எல்லா ஆசான்களும் ஒரே மாதிரிதான் கற்பிக்க வேண்டும் என்ற குரல் பயிற்சிக் கூடங்களில் ஓயாமல் கேட்கிறது. நடுவருக்கு மதிப்பெண் போட எளிது, பள்ளி மாறும் மாணவருக்குக் குழப்பமில்லை என்கிறார்கள். அந்தக் கோரிக்கை உங்களிடம் வந்தால் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

பொது வரிசையே கூடாது என்பதல்ல என் வாதம். 1910-இல் ஷாங்காயில் பிறந்த ஜிங்வூ சங்கம் மாணவர் எல்லோருக்கும் பொதுவான அடிப்படை வரிசைகளைக் கற்றுக்கொடுத்தது. அதற்கு மேல் அவரவர் விரும்பிய பாணியைப் பயில அங்கேயே வழியிருந்தது. 1956-இல் யாங் பாணியிலிருந்து சுருக்கித் தொகுத்த 24 அசைவுத் தாய்ச்சி எத்தனையோ பேருக்கு முதல் வாசல். இவை பழைய வரிசைகளோடு சேர்ந்து வந்தவை. பழையதையே திருத்தி, ஒன்றைச் சரி என்றும் மற்றதைப் பிழை என்றும் ஆக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

விங் சுன் என்ற குங்ஃபூ பாணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆசான் இப் மேன் 1972-இல் மறைவதற்குச் சற்று முன், சியூ நிம் தாவ் வரிசையை அவர் செய்துகாட்டியது படச்சுருளில் பதிவானது. ஆசானே செய்த வரிசை கண்முன் இருந்தும் அவருடைய சீடர்களின் பள்ளிகள் இன்றுவரை வேறுபடுகின்றன. உடலைத் திருப்பும்போது ஒரு பள்ளி எடையைப் பின்காலுக்கு மாற்றுகிறது. இன்னொன்று இரு கால்களிலும் சமமாக வைக்கிறது. முதலாவது, தன்னைவிடப் பலசாலி தள்ளும்போது விலகிக்கொள்ள. இரண்டாவது, நின்ற இடத்திலிருந்தே திருப்பித் தாக்க. ஒன்றை அழித்தால் அதோடு ஒரு சண்டை முறையே போய்விடும். அசைவு மட்டும் மிஞ்சி, அது எதற்கென்று சொல்ல ஆளில்லாமல் போகும். என்னை வருத்துவது இதுதான்.

யாங் பாணித் தாய்ச்சியை வளர்த்த ஒரே குடும்பத்துக்குள்ளும் இப்படித்தான். யாங் பான்ஹௌ குறுகிய வட்டங்களில் தாய்ச்சி ஆடினார்; அவருடைய தம்பி மகன் செங்ஃபூ அகல விரிந்து ஆடினார். இருவரில் யாரைத் திருத்துவீர்கள்?

அதற்குப் பதிலாக, பாரம்பரியப் பிரிவுப் போட்டிகளில் ஒவ்வொரு பள்ளியும் தன் வரிசையை, அதன் பயன் விளக்கத்தோடு, முன்கூட்டியே ஒப்படைக்கட்டும். நடுவர்கள் அதையே அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடட்டும். நிலையின் உறுதி, விசை, அசைவின் நோக்கம் ஆகியவற்றை எந்தப் பாணியிலும் பார்க்க முடியும். அதோடு, முதிய ஆசான்களின் வரிசைகளை அவர்கள் வாய்மொழி விளக்கத்துடன் இப்போதே பதிவுசெய்யுங்கள். சிறிய கிளைகளிலிருந்து தொடங்குங்கள். பெரிய பள்ளிகளுக்குத் தங்களைக் காத்துக்கொள்ளத் தெரியும்.

மரியாதையுடன்,
ஒரு விங் சுன் மாணவர்