மறைத்த படைக்கு உறை ஏது?

"தற்காப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி, அதனை இடைவாரின் வெளிப்புறத்தே மாட்டிக்கொள்ள ஓர் உறை, அவ்வுறையை மூடிக்கொள்ளத் தளர்ந்ததொரு சட்டை. இவ்வளவு இருந்தால் எவனும் நம்மை அண்டமாட்டான்." இப்படிப் பேசும் குரல்கள் நம்மிடையே எழத் தொடங்கியுள்ளன. தேநீர்க்கடையில் கேட்டேன், திருமண மண்டபத்தில் கேட்டேன், வருந்தத்தக்க முறையில், ஆசிரியர் அறையிலும் கேட்டேன். நகைக்கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், எந்த உறை சிறந்தது என்று என்னிடமே அறிவுரை வேண்டினார். தமிழாசிரியனுக்கு எல்லாம் தெரியும் என்னும் நம்பிக்கை நம் மக்களிடம் இன்னும் மறையவில்லை போலும்!

அறநூல்களை அடுக்கி அவரை வாயடைக்கச் செய்வது எளிது. ஆயினும் அவர் கேட்டது அறம் அன்று, உறை. எனவே முதற்கண் உறையையே ஆராய்வோம்.

காவல்துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பரிடம் இதனைக் கேட்டறிந்தேன். காற்சட்டைக்கும் உடலுக்கும் இடையே செருகும் உறை ஒருவகை. இடைவாரில் கோத்து வெளியே தொங்கும் உறை மற்றொரு வகை. வெளியுறை உடலை உறுத்தாது. அமரும்போது இடுப்பைக் குத்தாது. கைப்பிடியை முழுமையாகப் பற்றி எடுக்க இடம் தரும். அதனாலேயே சீருடைக் காவலர் அதனை அணிகின்றனர். ஆனால் அதற்கும் இலக்கணம் உண்டு. விசையை முற்றிலும் மூடியிருத்தல் வேண்டும். துணி நுனியோ விரலோ உள்ளே நுழைய இடமிருத்தல் ஆகாது. துப்பாக்கியை உருவிய பின்னும் உறையின் வாய் திறந்தே நிற்றல் வேண்டும். மெலிந்து நைந்த தோலுறையின் வாய் உட்புறமாக மடங்கினால், திரும்பச் செருகும்போது அம்மடிப்பே விசையை அழுத்திவிடும். தன் தொடையில் தானே சுட்டுக்கொண்டவர் உலகில் பலர். குனிந்தாலும் ஓடினாலும் துப்பாக்கி நழுவாத பிடிப்பு வேண்டும். அப்பிடிப்பே அவசரத்தில் எடுக்கத் தடையாகவும் ஆகலாகாது. இடைவார் தடித்து விறைத்ததாக, உறையின் வளையத்துக்குள் இறுகப் பொருந்துவதாக இருத்தல் வேண்டும். மெல்லிய வாரில் மாட்டினால் எடை தாங்காது சாய்ந்து, நடக்குந்தோறும் ஆடும்.

இவை யாவும் நிறைந்த ஓர் உறையை வாங்கிவிட்டதாகவே கொள்வோம். இப்போது அதனை மறையுங்கள்! அங்கேதான் இடர் தொடங்குகிறது. வெளியே தொங்குவதற்கென்று செய்யப்பட்ட பொருளை மூடவேண்டுமானால், அஃது உடலோடு ஒட்டித் தட்டையாக அமைதல் வேண்டும். இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னே, முன்சாய்வாக நிறுத்தல் வேண்டும். அதன்மேல் ஓரளவு பெரிய, நீண்ட சட்டை வேண்டும். மேலைநாட்டார் குளிருக்காக அணியும் தடித்த மேலங்கி அவர்களுக்கு இதில் துணைசெய்கிறது. நமக்கோ? ஹுத்தான் மெலிந்தாங்கின் நடுப்பகல் வெயிலில் ஒற்றைச் சட்டையே முதுகில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய துணியின் மேல் கைப்பிடியின் வடிவம் அச்சடித்தாற்போல் தெரியும். மோட்டார் சைக்கிளில் ஏறினால் காற்று சட்டையைத் தூக்கும். சந்தையில் காய் பொறுக்கக் குனிந்தால் உறையின் அடிப்பகுதி சட்டை விளிம்புக்குக் கீழே எட்டிப் பார்க்கும். வியர்வையும், பெர்னாம் ஆற்று முகத்துவாரத்திலிருந்து வரும் உப்புக்காற்றும் இரும்பைத் துருவேற்றும். ஈரம் குடித்த தோலுறைக்குள் வைத்த துப்பாக்கியோ இன்னும் விரைவில் துருப்பிடிக்கும். அதனை அணிந்தவன் நிமிடத்திற்கொருமுறை சட்டையை இழுத்து விட்டுக்கொண்டும், முழங்கையால் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டும் திரிவான். மறைத்திருக்கிறான் என்பதை ஊருக்கு அறிவிக்க வேறு முரசு வேண்டா.

ஆக, வெளியுறையின் நன்மைகள் அனைத்தும் வெளிப்படையாக அணிவதில் அடங்கியவை. மறைக்க முனைந்த கணமே அந்நன்மைகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. என் மாணவர்க்கு நான் தந்த விடை இதுதான்: நீங்கள் விரும்பும் உறை கடையில் இல்லை, இருக்கவும் இயலாது.

நம் பாட்டன்மாரும் இடுப்பில் ஒன்று அணிந்தனர். பச்சை நிறத் தோல்வார். அதில் பணத்துக்கும் வெற்றிலைப் பாக்குக்கும் பைகள். அதனைச் சட்டையால் மூட அவர்களுக்குத் தோன்றியதில்லை.

"உரிமம் பெற்றே அணிவோம், இதில் என்ன பிழை?" என்பர் சிலர். கைத்துப்பாக்கி உரிமம் நம் நாட்டில் கடைச்சரக்கன்று. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அது மாநிலக் காவல்துறைத் தலைவரின் கையில் உள்ளது. உரிமமின்றி வைத்திருப்போர்க்கு, 1971ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டம் பதினான்கு ஆண்டுகள் வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கின்றது. குறிப்பிட்ட குற்றங்களைச் செய்கையில் சுடுவோர்க்குக் கட்டாய மரண தண்டனை என்றிருந்தது 2023இல் நீக்கப்பட்டது. எனினும் தூக்கு இன்னும் நீதிபதியின் தேர்வுக்குரியதாகவே உள்ளது. சரி, உரிமம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கொள்ளையன் முன்னறிவிப்புச் செய்துவிட்டா வருகிறான்? பின்னாலிருந்து வருகிறான், இருவராக வருகிறான். சட்டையைத் தூக்கி, பிடிப்பைத் தளர்த்தி, உருவுவதற்குள் அவன் வேலை முடிந்துவிடும். சங்கிலியோடு துப்பாக்கியையும் அவனுக்கு வழங்கியவராவீர்.

வரலாற்றைப் பார்ப்போம். பேராக்கில் இருந்துகொண்டு இதனை மறப்பவனை நான் என்னென்பேன்! 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்துத் துரை வாக்கர் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொல்ல வந்தோர் வணக்கம் கூறிக்கொண்டே நுழைந்தனர் என்று அந்நிகழ்ச்சியை எழுதியோர் குறிப்பிடுவர். அன்றே பின் சூன் தோட்டத்தில் அலிசன், கிறிஸ்டியன் என்னும் வேறு இருவரும் மாண்டனர். அவசரகாலம் பிறந்தது. அதன்பின் துரைமார் இடுப்பில் துப்பாக்கி உறை ஏறிற்று. காலைப் பிரட்டுக்கு அவர்கள் அதனோடு வந்ததை என் தந்தையார் தலைமுறையினர் கண்டனர். அதே விதிகளின்கீழ், அனுமதியின்றித் துப்பாக்கி ஏந்துவோர்க்குத் தூக்கு என்றாயிற்று.

அவ்விதியால் மாண்டோருள் நம்மவர் ஒருவர் உண்டு. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி. துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே அவர்மேல் சாற்றப்பட்ட குற்றம். எவரையும் கொன்றார் என்பதன்று. இந்திய அரசு பரிந்து பேசியும் பயனின்றி, 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடுச் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். துரையின் இடுப்பில் இருந்தால் அதிகாரம். தொழிலாளியின் இடுப்பில் இருந்தால் தூக்குக்கயிறு. பொருள் ஒன்றே.

சம்பாசிவம் என்னும் தமிழர் வழக்கோ சட்ட மாணவர் இன்றும் பயிலும் வழக்கு. ஜொகூரில் 1948இல் பிடிபட்ட அவர்மேல் இரு குற்றங்கள்: துப்பாக்கி ஏந்தியமை, தோட்டா வைத்திருந்தமை. தோட்டாக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றத்துக்கு மறுவிசாரணை நடந்து, மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. விடுவிக்கப்பட்ட குற்றத்தையும் உள்ளடக்கிய வாக்குமூலத்தைக் கொண்டே மறுவிசாரணையில் தண்டித்தது தவறு என்று கூறி, 1950இல் அம்மன்றம் தண்டனையை நீக்கிற்று. ஒருமுறை விடுதலை என்று தீர்ந்தது தீர்ந்ததே என்னும் கோட்பாட்டுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கடல்கடந்த மன்றம் ஒன்று ஏடுகளைப் புரட்டிப் பார்த்திராவிட்டால், அவர் பெயர் இடம்பெற வேண்டிய ஏடு வேறு.

இவையெல்லாம் வெள்ளையன் காலத்துக் கதை என்று ஒதுக்குவோர்க்கு இன்னொன்று. 1977இல், விடுதலை பெற்ற இந்நாட்டில், பினாங்கில், பதினான்கே வயதான சீனச் சிறுவன் ஒருவனுக்குத் துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மன்னிப்பால் அத்தண்டனை மாற்றப்பட்டது. அவனை அவ்வாறு தண்டித்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் 2012இல் நீக்கப்பட்டது. ஆயினும் பதினான்கு வயது என்பதை ஆசிரியர்கள் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இடைநிலைப்பள்ளி இரண்டாம் படிவம். நம்மிடம் ஆறாம் ஆண்டு முடித்துச் சென்று இரண்டே ஆண்டுகள்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். "தமிழன் வீரப் பரம்பரையினன், படை அவன் அணிகலன்" என்று மேடையில் முழங்குவோர், அப்படை எவ்வாறு அணியப்பட்டது என்பதைக் கூறுவதில்லை. உடைவாள் என்பது இடைக்கச்சில் எல்லாரும் காணத் தொங்கிற்று. பகைவன் கண்டான், பாணன் கண்டான், கண்டதனால் அவன் எதிர்நிற்பதா விலகுவதா என்று முடிவுசெய்ய இடமிருந்தது. புறத்திணை வீரம் புறத்தே தெரிந்த வீரம். மறைத்துச் சென்ற படைக்கு நம் இலக்கியம் தந்த இடம் வேறு. பெரிய புராணத்தில் முத்தநாதனைக் காண்க. போரில் மெய்ப்பொருள் நாயனாரை வெல்ல இயலாதவன், திருநீறு பூசி, புத்தகக் கட்டினுள்ளே கத்தியை வைத்துக்கொண்டு திருக்கோவலூர் அரண்மனைக்குள் நுழைகிறான். வணங்கிய மன்னனைக் குத்துகிறான். ஏட்டுக்கட்டே அவனுக்கு உறை! தமிழாசிரியர் நடுங்கவேண்டிய இடம் அது. கூடா நட்பு அதிகாரத்தில் வள்ளுவரும், தொழுகின்ற கைக்குள்ளேயே படை ஒளிந்திருக்கக் கூடும் என்று எச்சரிக்கிறார். 1948 ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகளைக் கொல்ல வந்தவனும் ஆடையில் ஒளித்த துப்பாக்கியோடு பணிந்தே அணுகினான். மறைத்த படையின் இலக்கணம் இருபது நூற்றாண்டுகளாக மாறவில்லை.

"மணியாச்சியில் வாஞ்சிநாதன் மறைத்துத்தானே சென்றான்?" என்று ஓர் இளம் ஆசிரியர் என்னை மடக்கினார். சென்றான். 1911 ஜூன் 17ஆம் நாள் ஆட்சியர் ஆஷைச் சுட்டான். அடுத்த சில நிமிடங்களில் தன்னையும் சுட்டுக்கொண்டு மடிந்தான். திரும்பி வருவதற்கென்று அவன் செல்லவில்லை. நகைக்கடையைப் பூட்டிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப எண்ணுபவர் வாஞ்சியைத் துணைக்கழைப்பது அவனுக்குச் செய்யும் மரியாதையன்று.

திரைப்படத்தின் பங்கை விடுவதற்கில்லை. தோட்டப்புறத் திடல்களில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில் எம்.ஜி.ஆர். வாள் சுழற்றக் கண்டு வளர்ந்தவர் நாம். எத்தனை துப்பாக்கிகளை அவர் கையால் தட்டிவிட்டிருப்பார்! 1967 ஜனவரி 12ஆம் நாள், இராமாவரம் இல்லத்துக்கு வந்த எம். ஆர். இராதாவிடம் இருந்த துப்பாக்கியை அவர் தட்டிவிட இயலவில்லை. குண்டு கழுத்தில் பாய்ந்தது. அவர்தம் குரல் அதன்பின் பழைய குரலாக இருந்ததில்லை. கதாநாயகனுக்கே இந்நிலை.

இவ்வளவும் ஏன் ஆசிரியர்க்கு என்று கேட்கலாம். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு நாற்பத்தொன்பது குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டபோது, உறுப்பினருள் எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இந்தியர் என்று அறிவித்தது. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத இனம்! இரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்தபோது லயங்களிலிருந்து பெயர்ந்தோரின் பிள்ளைகள் அவர்களுள் எத்துணையர் என்பதை ஜெண்டராட்டாவிலும் உலு பெர்னாமிலும் தெலுக் இந்தானிலும் பணியாற்றிய ஆசிரியர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. அச்சிறுவர்களில் பலரிடம் துப்பாக்கி இல்லை; காற்சட்டைக்குள் செருகிய பாராங் கத்திதான். உறைகூட இல்லை, செய்தித்தாளில் சுற்றியது. ஆனால் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கையசைவு ஒன்றே. நகைக்கடை முதலாளியிடம் அதனைத் தற்காப்பு என்று பாராட்டிவிட்டு, மாணவனிடம் அதனைக் குண்டர்தனம் என்று கண்டிக்க நமக்கு எந்த நாக்கு இருக்கிறது?

இவ்வாண்டுக் கலைவிழாவுக்கு ஒரு நாடகப் படி என் மேசைக்கு வந்தது. நாயகன் இறுதிக் காட்சியில் சட்டையை விலக்கி, இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவுகிறான். கைத்தட்டலுக்கென்று அவ்விடத்தில் இடைவெளியும் குறிக்கப்பட்டிருந்தது. எழுதிய ஆசிரியர் திறமையானவர். போலித் துப்பாக்கி வைத்திருத்தலும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமே என்று படியின் ஓரத்தில் எழுதினேன். நாயகன் தான் சொல்லவேண்டியதைச் சொல்லியே அக்காட்சியை முடிக்கட்டும், வசனம் இரண்டு பக்கம் நீண்டாலும் தாழ்வில்லை என்று கீழே குறித்துத் திருப்பி அனுப்பியுள்ளேன்.