ஊர் ஓடியது; ஒருவர் நின்றார்!

1938-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ந் தேதி. குருத்தோலை ஞாயிறு.

இயேசுநாதர் எருசலேம் நகருக்குள் வந்தபோது மக்கள் கூட்டமாகத் திரண்டு வாழ்த்தினார்கள். அதை நினைவுகூரும் நாள் அது. அதே நகரில், சில நாட்களுக்குள், அவரைக் கொல்லும்படி கூச்சல் போட்டதும் ஒரு கூட்டம்தான்!

அந்த நாளில்தான் ஆஸ்திரியா நாட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே ஹிட்லரின் படை அந்த நாட்டுக்குள் புகுந்துவிட்டது. "ஆஸ்திரியா ஜெர்மனியுடன் சேர்ந்ததை ஏற்கிறீர்களா, இல்லையா?" இதுதான் மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி.

100-க்கு 99 பேருக்கு மேல் "ஆம்" என்று ஓட்டுப் போட்டதாக அறிவிப்பு வந்தது.

செயின்ட் ராடகுண்ட் என்ற சிற்றூரில் ஒரே ஒருவர் மட்டும் "இல்லை" என்று ஓட்டுப் போட்டார். ஊர் அதிகாரிகள் அந்த ஓட்டைக் கணக்கில் காட்டவில்லை. "ஊர் முழுவதும் ஆதரவு" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஒருவரின் பெயர் பிரான்ஸ் யாகர்ஸ்டாட்டர். அவர் ஒரு விவசாயி.

யார் இவர்?

ஹிட்லர் பிறந்த பிரௌனவ் நகரம் இருக்கும் அதே வட்டாரத்தில்தான் இந்தச் சிற்றூரும் இருக்கிறது. யாகர்ஸ்டாட்டர் அங்கே 1907-ல் பிறந்தார். அவருடைய தாயும் தந்தையும் கல்யாணம் செய்து கொள்ளக்கூட வசதி இல்லாத ஏழைகள். பாட்டிதான் அவரை வளர்த்தார். தந்தை முதல் உலகப் போரில் இறந்து போனார். பிறகு தாயை மணந்த விவசாயி அவரைத் தத்து எடுத்துக் கொண்டார்.

வாலிப வயதில் அவர் சாமியார் போல இருக்கவில்லை. ஊரில் முதன்முதலில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் அவர்தான். அடிதடிக்கும் அஞ்சாதவர். கல்யாணத்துக்கு முன்பே ஒரு குழந்தைக்குத் தகப்பன் ஆனார்.

1936-ல் பிரான்சிஸ்கா என்ற பெண்ணை மணந்தார். வாழ்க்கையே மாறியது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஜெபம் செய்தார்கள், வேதம் படித்தார்கள். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தார்கள். பின்னர் ஊர் மாதாகோவிலில் கோவில்பிள்ளை வேலையையும் அவர் ஏற்றுக் கொண்டார்.

ரயிலில் ஏறிய கூட்டம்

ஓட்டெடுப்புக்குச் சில மாதங்களுக்கு முன்பு அவர் ஒரு கனவு கண்டார். அதை அவரே பிறகு எழுதி வைத்திருக்கிறார்.

பளபளக்கும் அழகான ரயில் ஒன்று மலையைச் சுற்றி வருகிறது. பெரியவர்கள் ஓடுகிறார்கள். குழந்தைகளும் ஓடுகிறார்கள். யாராலும் அவர்களைத் தடுக்க முடியவில்லை. அப்போது ஒரு குரல் கேட்கிறது. "இந்த ரயில் நரகத்துக்குப் போகிறது" என்பது அந்தக் குரல் சொன்ன செய்தி.

ஹிட்லரின் கட்சிதான் அந்த ரயில் என்று யாகர்ஸ்டாட்டர் முடிவு செய்தார். ரயிலில் ஏற மறுத்தார்.

கட்சிக்கு நன்கொடை கேட்டார்கள், கொடுக்கவில்லை. குழந்தைகளுக்காக அரசு கொடுத்த உதவித்தொகையை வாங்கவில்லை. ஆலங்கட்டி மழையில் பயிர் அழிந்தது. அதற்குக் கிடைத்த நிவாரணப் பணத்தையும் வேண்டாம் என்றார்.

ஊர் கெட்ட ஊரா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. "இல்லை" என்று சொன்னவர் கிறிஸ்தவர். சரி, "ஆம்" என்று சொன்ன மற்றவர்கள் யார்?

அவர்களும் கிறிஸ்தவர்கள்தான்! அதே மாதாகோவிலுக்குப் போனவர்கள். அதே மந்திரங்களைச் சொன்னவர்கள். அதே ஞானஸ்நானத் தொட்டியில் பெயர் பெற்றவர்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. அண்டை வீட்டில் மாடு நோயில் விழுந்தால் ஓடி வருகிற விவசாயிகள்.

பின் ஏன் ஹிட்லருக்கு ஓட்டுப் போட்டார்கள்?

அச்சம் ஒரு காரணம். வேலை கிடைக்கும், வறுமை தீரும் என்ற ஆசை இன்னொரு காரணம். நாட்டின் ஆயர்களே புதிய ஆட்சிக்குச் சாதகமாக அறிக்கை விட்டது மற்றொரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, "எல்லாரும் போடுகிறார்கள், நாம் மட்டும் தனித்து நிற்பதா?" என்ற நினைப்பு இருந்தது.

ஊர் வழக்கம் என்பது ஓர் ஆறு மாதிரி. நல்ல காலத்தில் அது மனிதனை மாதாகோவிலுக்கு இழுத்துச் செல்லும். பிள்ளைகளுக்கு ஜெபம் கற்றுக் கொடுக்கும். ஏழைக்குச் சோறு போடச் சொல்லும். கெட்ட காலத்தில் அதே ஆறு திசை மாறும். அப்போதும் மனிதனை இழுக்கும். ஆற்றோடு போய்ப் பழகியவனுக்கு, திசை மாறியதே தெரியாது!

ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போனது பக்தியாலா, பழக்கத்தாலா என்பது அன்றுதான் தெரியும்.

"மனைவி மக்களை நினைத்துப் பார்!"

1940-ல் யாகர்ஸ்டாட்டரைப் பட்டாளத்துக்கு அழைத்தார்கள். போனார். பயிற்சியும் பெற்றார். விவசாயத்துக்கு ஆள் தேவை என்று ஊர்த் தலைவர் கேட்டுக் கொண்டதால் திரும்பி வந்தார். மனநோயாளிகளை ஆட்சியாளர்கள் கொல்கிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. "இந்த ஆட்சிக்காக இனித் துப்பாக்கி எடுக்க மாட்டேன்" என்று உறுதி கொண்டார்.

தாய் அழுதார். உறவினர் கெஞ்சினர். பாதிரியார்களிடம் ஆலோசனை கேட்டார். பட்டாளத்துக்குப் போகும்படிதான் அவர்களும் சொன்னார்கள். லின்ஸ் நகர ஆயரையே நேரில் பார்த்தார். "நீ குடும்பஸ்தன். உன் குடும்பத்தைக் கவனி. அரசாங்கம் செய்வதற்கு நீ பொறுப்பல்ல" என்ற கருத்தில்தான் ஆயரும் பேசினார்.

மனைவி பிரான்சிஸ்காவும் முதலில் தடுத்துப் பார்த்தார். ஆனால் ஊரே கணவரை எதிர்ப்பதைக் கண்டதும் அவர் பக்கம் நின்றார். தானும் எதிர்த்திருந்தால் அவருக்கு யாருமே இருந்திருக்க மாட்டார்கள் என்று பிற்காலத்தில் அந்த அம்மையார் சொன்னார்.

1943-ம் ஆண்டு மார்ச் மாதம் 1-ந் தேதி பட்டாள முகாமுக்குப் போனார். "போரிட மாட்டேன்" என்று அறிவித்தார். காயம் பட்டவர்களுக்கு மருத்துவ உதவி செய்யத் தயார் என்றும் பிறகு தெரிவித்தார். அதை ஏற்கவில்லை. சிறையில் தள்ளினார்கள்.

நண்பர் கிடைத்தார்

பெர்லின் சிறையில் தனி அறை. கையில் விலங்கு. "இத்தனை பேர் ஒரு பக்கம், நான் ஒருவன் மறுபக்கம். நான்தான் தவறோ?" எந்த மனிதனுக்கும் இந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா?

இந்தச் சந்தேகத்தின் வலிமையைச் சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு விஞ்ஞானி சோதித்துக் காட்டினார். அமெரிக்காவைச் சேர்ந்த சாலமன் ஆஷ் என்ற மனநூல் பேராசிரியர்தான் அவர். 1950-களின் தொடக்கத்தில் இந்தச் சோதனையை நடத்தினார்.

ஏழெட்டு மாணவர்களை ஓர் அறையில் உட்கார வைத்தார். ஒரு கோட்டைக் காட்டினார். பக்கத்தில் மூன்று கோடுகள். "முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது?" இதுதான் கேள்வி. குழந்தைகூடச் சரியாகச் சொல்லிவிடும்.

ஆனால் அந்த அறையில் ஒருவர்தான் உண்மையான மாணவர். மற்றவர்கள் எல்லாரும் பேராசிரியரின் ஆட்கள்! வேண்டுமென்றே ஒரே மாதிரித் தவறான விடை சொன்னார்கள். கடைசியில் அந்த ஒருவரின் முறை வரும். அவர் என்ன சொன்னார்?

கூட்டம் தவறு சொன்ன வேளைகளில், 100 பதில்களுக்கு ஏறக்குறைய 37 பதில்கள் கூட்டத்தோடு சேர்ந்தே தவறாக வந்தன. நாலு பேரில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்துக்கு வளைந்து கொடுத்தார்கள். அடிக்கவில்லை, மிரட்டவில்லை, சிறையில் போடவில்லை. கண்ணுக்கு எதிரே கிடக்கும் ஒரு கோட்டுக்கே இந்தப் பாடு!

பேராசிரியர் இன்னொன்றும் செய்து பார்த்தார். கூட்டத்தில் ஒரே ஒரு ஆளை மட்டும் சரியான விடை சொல்ல வைத்தார். தவறுகள் நாலில் ஒரு பங்காகக் குறைந்து போயின. ஒருவர் துணைக்கு இருந்தால் போதும். மனிதனுக்குத் தன் கண்ணை நம்பும் தைரியம் வந்துவிடுகிறது!

யாகர்ஸ்டாட்டருக்கும் அப்படி ஒரு துணை கிடைத்தது. அந்தத் துணைவரை அவர் பார்த்ததே இல்லை.

சிறைக்கு வந்த பாதிரியார் ஒருவர் ஒரு செய்தி சொன்னார். ரெய்னிஷ் என்ற ஆஸ்திரியப் பாதிரியார், ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தார். அதற்காக 1942-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தலை வெட்டப்பட்டு இறந்தார். இதுதான் அந்தச் செய்தி.

கேட்டதும் யாகர்ஸ்டாட்டரின் முகம் மலர்ந்தது. தான் தனி ஆள் அல்ல என்று அறிந்து ஆறுதல் அடைந்தார்.

கடைசி நாள்

1943 ஜூலை 6-ந் தேதி ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதன் பிறகும் தப்பிக்க வழி இருந்தது. மனம் மாறிவிட்டதாகக் கையெழுத்துப் போட்டால் போதும். அவர் போடவில்லை.

ஆகஸ்டு 9-ந் தேதி பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது 36. பிரான்சிஸ்காவுக்குப் பிறந்த மூத்த மகளுக்கு 6 வயதுகூட நிறையவில்லை.

போருக்குப் பிறகும்

1945-ல் ஹிட்லரின் ஆட்சி ஒழிந்தது. ஊர் மனம் மாறியதா? உடனே மாறவில்லை.

போரில் கணவனை இழந்த பெண்களுக்கு அரசு உதவித்தொகை கொடுத்தது. பிரான்சிஸ்காவுக்குக் கொடுக்கவில்லை. "அவர் போரில் சாகவில்லையே!" என்றார்கள். 1950-ல்தான் அது கிடைத்தது. மறைமாவட்டப் பத்திரிகையில் யாகர்ஸ்டாட்டரைப் பற்றிக் கட்டுரை வெளியிடுவதை அதே ஆயர் 1946-ல் விரும்பவில்லை.

ஊராரின் வேதனையும் புரிந்து கொள்ள வேண்டியதே. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் போரில் மாண்டார்கள். "அவர் செய்தது சரி என்றால், நம் பிள்ளைகள் எதற்காகச் செத்தார்கள்?" இந்தக் கேள்வியை எந்தத் தாயால் தாங்க முடியும்?

1964-ல் கோர்டன் சான் என்ற அமெரிக்கப் பேராசிரியர் யாகர்ஸ்டாட்டரைப் பற்றிப் புத்தகம் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1965-ல், வாட்டிகன் மகாசங்கத்தின் கவனத்துக்கு இந்த விவசாயியின் கதையை ஒரு பேராயர் கொண்டு வந்தார். முன்பு பம்பாயில் பேராயராக இருந்த தாமஸ் ராபர்ட்ஸ்தான் அவர். மனசாட்சிக்காக ஆயுதம் எடுக்க மறுப்பவர்களைச் சட்டங்கள் மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என்று அந்தச் சங்கம் அறிவித்தது.

1997-ல் மரண தண்டனைத் தீர்ப்பை பெர்லின் நீதிமன்றம் ரத்து செய்தது. 2007-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி லின்ஸ் பேராலயத்தில் யாகர்ஸ்டாட்டருக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. பிரான்சிஸ்கா அம்மையார் அந்த விழாவில் கலந்து கொண்டார். அப்போது அவருக்கு வயது 94. நூறு வயது நிறைந்து, 2013-ல் காலமானார்.

எந்த மறைமாவட்டம் அவரைப் பற்றிப் பேசத் தயங்கியதோ, அதே மறைமாவட்டத்தின் தலைமைக் கோவிலில் அவருக்கு மரியாதை! ஆனால் இடையில் 64 ஆண்டுகள் ஓடிவிட்டன.

பழமொழியின் மறுபாதி

தன் குருவை மூன்று முறை தெரியாது என்று சொன்ன பேதுருவும் கெட்டவர் அல்ல. குளிர் காய்ந்த இடத்தில் சுற்றி நின்றவர்களுக்கு அஞ்சினார், அவ்வளவுதான். பிறகு மனம் கசந்து அழுதார். கூட்டத்துக்கு அஞ்சுவது மனித இயல்பு. அதை உணர்ந்து அழுவதும் பக்திதான்.

ஊரோடு சேர்ந்து வாழ்வது தவறல்ல. தனித்து நிற்கிற ஒவ்வொருவரும் சரியானவர் என்றும் சொல்ல முடியாது. பிடிவாதக்காரனும் தனியாகத்தான் நிற்பான். அப்படியானால் எது சரி என்று அறிவது எப்படி?

அதற்கு நம் கிராமத்துப் பெரியவர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். "ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு" என்பது பழமொழி. முதல் பாதியை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மறுபாதியை மறந்துவிடுகிறார்கள்.

ஒருவன் தனியாக ஓடினால், "ஏனப்பா ஓடுகிறாய்?" என்று கேட்க வேண்டும். ஊர் ஓடும்போது ஒருவன் நின்றாலும் அப்படியே. "நீ ஏன் நிற்கிறாய்?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அவன் சொல்வது நியாயமா என்று வேதத்தையும் மனசாட்சியையும் வைத்து எடை போட வேண்டும்.

ராடகுண்ட் ஊரார் யாகர்ஸ்டாட்டருக்குப் புத்தி சொன்னார்கள், கெஞ்சினார்கள், ஏசினார்கள். அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் மிகச் சிலர்.

ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு சபையிலும், "எல்லாரும் செய்கிறார்களே!" என்ற பேச்சு ஒரு நாள் வரும். அப்போது மூலையில் ஒருவர் மட்டும் தலையை ஆட்டி மறுப்பார். அது வயதான பாட்டியாக இருக்கலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாகவும் இருக்கலாம்.

அவர் வாயை அடைப்பதற்கு முன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள். நியாயம் என்று தோன்றினால், அவர் அருகே போய் நில்லுங்கள். இரண்டாவது ஆளாக நிற்க ஒருவர் கிடைத்துவிட்டால், மூன்றாவது ஆளுக்கும் தைரியம் வரும்!